நெய்வேலியில் இரண்டு கேட்

நெய்வேலியில் அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்துவிட்டால் அது முதலில் தெரிவது ஜெராக்ஸ் கடைகளில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஐ.டி.ஐ. சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நிலம் கொடுத்த குடும்பமாக இருந்தால் அதற்கான தாள், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பையன்கள் நிற்பார்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், டர்னர், ஒயர்மேன் என்று ஆளுக்கொரு டிரேடு. இடம் கிடைத்தவர் சுரங்கத்திலோ மின் நிலையத்திலோ உதவித்தொகையோடு பயிற்சி பெறுவார். முடிந்ததும் இன்னொரு சான்றிதழ் கவருக்குள் சேரும். அத்தோடு கேட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும்.

பெரிய மின் திட்டம் எதுவானாலும் அதைச் சுற்றி இரண்டு பேச்சுகள் கேட்கும். "உள்ளூரில் தகுதியான ஆள் கிடைப்பதில்லை" என்பது நிர்வாகத்தின் பேச்சு. "நிலம் எங்களது, வேலை வெளியூர்க்காரனுக்கா?" என்பது ஊரின் பேச்சு. நெய்வேலியின் அறுபத்துச் சொச்ச ஆண்டுக் கதையை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் பாதிதான் உண்மை. ஒரு காலத்தில் அங்கே வேலை இருந்தது, செய்யத் தெரிந்தவர் இல்லை. இன்று தெரிந்தவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள், வேலைதான் சுருங்கிவிட்டது. நடுவில் மாறியவை பல. பயிற்சி மையம் ஒன்றைக் கூடுதலாகக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த மாற்றங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது கடலூர் மாவட்டத்தில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. 1956 நவம்பரில் என்.எல்.சி. என்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். சுற்றிலும் முந்திரியும் மானாவாரிப் பயிரும். அங்கே வந்து இறங்கியவை ஜெர்மனிக்காரர்கள் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்காக உருவாக்கிய பக்கெட் வீல் இயந்திரங்கள். மாடிக் கட்டடம் உயரத்துக்கு நிற்கும் அந்த இயந்திரத்தின் முன்பக்கம் ஒரு ராட்சதச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழல, வாளிகள் மண்ணை அள்ளிப் பின்னால் ஓடும் கன்வேயர் பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது.

நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது 1962-ல். அதாவது, நான்கு ஆண்டுகள் வெறும் மேல்மண்ணை அள்ளியதிலேயே போயின. என்னைக் கேட்டால் அந்த நான்கு ஆண்டுதான் நெய்வேலியின் முதல் பயிற்சிக்கூடம். ஏனென்றால் ஜெர்மன் கையேட்டில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: கடலூர் மணற்கல். கடினமான, அரம்போல் அராவும் பாறை. வாளியின் பற்கள் சீக்கிரம் தேய்ந்தன. முதலில் துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்திவிட்டு, அப்புறம் சக்கரத்தை விட வேண்டியிருந்தது. பற்களையும் இந்த மண்ணுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருந்தது. போதாததற்கு, நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பெயராமல் இருக்கும். வெளிநாட்டு நிபுணர் இயந்திரத்தைச் சொல்லித்தரலாம். இந்த மண்ணையும் தண்ணீரையும் வந்தவரும் இருந்தவரும் சேர்ந்துதான் கற்றார்கள். எட்டாவது படித்துவிட்டு ஹெல்பராகச் சேர்ந்து, பத்து வருடத்தில் ஆபரேட்டர் ஆனவர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

பெல்ட் ஒட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் ஓடும் பெரிய பெல்ட்டுகள் இரண்டு மீட்டர் அகலம்கூட இருக்கும். ரப்பருக்குள்ளே வரிசையாக எஃகுக் கம்பிகள். அறுந்தாலோ நீட்ட வேண்டியிருந்தாலோ இரண்டு முனைகளிலும் ரப்பரைச் சீவி எடுத்து, கம்பிகளைத் துருவோ தூசியோ இல்லாமல் துடைத்து, ஒரு பக்கத்துக் கம்பியின் பக்கத்தில் மறுபக்கத்துக் கம்பி வரும்படி ஒவ்வொன்றாகக் கோத்து அடுக்க வேண்டும். நடுவில் வேகாத ரப்பர் வைத்து, மேலும் கீழும் சூட்டுத் தகடுகளால் இறுக்கிப் பல மணி நேரம் வேகவைப்பார்கள். ஒரு சொட்டு வேர்வை விழுந்தாலும் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டாமல் போகலாம். ஒட்டு பிரிந்தால் மொத்த வரிசையும் நிற்கும், பின்னால் நிற்கும் இயந்திரமும் சேர்ந்து நிற்கும். இந்த வேலைக்குப் பாடப்புத்தகம் கொஞ்ச தூரம்தான் வரும். மீதி பக்கத்தில் நின்று வர வேண்டியது.

பாடப்புத்தகம் என்றதும் ஒரு விஷயம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான டிரேடு புத்தகங்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் தயாரிக்கும் தேசிய நிறுவனம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 1986-ல் அதுவும் ஜெர்மன் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கப்பட்டது. இயந்திரம் வந்து கால் நூற்றாண்டு கழித்து, அதைப் பிடித்து வேலை செய்யும் கைக்கான புத்தகமும் அதே நாட்டு உதவியில் வந்தது.

சரி, கற்றவர்கள் உள்ளே போன வழி என்ன? ரொம்ப காலம் அது வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அங்கே பதிந்திருந்தவர்களின் பட்டியல் வந்தது. மாவட்ட அலுவலகத்தில் பதிந்தவர் பெரும்பாலும் அந்த மாவட்டத்துக்காரராகத்தானே இருப்பார்? சட்டத்தில் 'உள்ளூர்' என்ற சொல் இல்லாமலே உள்ளூர்க்காரருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். பதிவு மூப்புக்காகப் பதினைந்து வருடம் காத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பின் போட்டி மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டது.

பொறியாளர்களுக்கு இன்னும் பெரிய மாற்றம். பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் கேட் (GATE) என்ற அகில இந்தியப் பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுக்க ஆரம்பித்தன. 2022-ல் நெய்வேலியில் 299 பட்டதாரிப் பயிற்சியாளர் இடங்களுக்கு அப்படி ஆள் எடுத்தபோது, தேர்வானவர்கள் பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊர்க்காரர்களுக்கு இப்போது இரண்டு கேட்: ஒன்று செக்யூரிட்டி நிற்பது, இன்னொன்று இந்தியா முழுக்க எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்து மூடுவது.

இதில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காட்டி அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. விலக்கு தர வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். தனியார் வேலையில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரருக்கு என்று ஹரியானா கொண்டுவந்த சட்டத்தை 2023-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் நினைவிருக்கும். ஆகவே 'உள்ளூர் ஒதுக்கீடு' என்ற நேர்வழி அடைபட்ட வழி. மீதமிருப்பது தேர்வில் உள்ளூர்க்காரர் ஜெயிக்கும்படி முன்கூட்டியே தயார்செய்வது.

அங்கேதான் அப்ரண்டிஸ் சட்டம் வருகிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சி கொடுக்க வேண்டிய கடமையை அது நிறுவனத்தின் மேல் வைத்தது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்க வேண்டிய கடமையை வைக்கவில்லை. 1995-ல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. 'சமமாக இருந்தால்' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு எத்தனை உண்ணாவிரதம், எத்தனை கேட் மீட்டிங்! 2014-ல் சட்டத்தைத் திருத்தியபோது, தன்னிடம் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள். கொள்கை வகுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்தக் கொள்கையில் என்ன இருக்க வேண்டும் என்று இல்லை.

நிலச் சட்டத்திலும் இப்படி ஒரு வரி உண்டு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, திட்டத்தால் வேலை உருவாகுமானால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்காவது, தேவையான துறையில் தகுந்த பயிற்சி கொடுத்த பின், வேலை தரச் சொல்கிறது. இல்லாவிட்டால் ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய். அதுவும் வேண்டாமென்றால் இருபது ஆண்டுக்கு மாதம் 2000 ரூபாய்க்குக் குறையாத ஆண்டுத்தொகை. மூன்றில் ஒன்று. பயிற்சி கொடுத்து வேலை தருவது மூன்றிலும் கடினமானது, ஆண்டுக்கணக்கில் பொறுப்பு எடுக்க வேண்டியது. 5 லட்சம் ஒரே காசோலையில் முடிந்துவிடும். எந்த அதிகாரியின் கை எதை நோக்கிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

'குடும்பத்தில் ஒருவர்' என்றால் நடைமுறையில் மகன் என்றே ஆகிவந்தது. ஊர் வழக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்கள் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்று வைத்திருந்தது. மூன்று ஷிப்டில் ஓடும் சுரங்கத்தில் ஒரே ஷிப்டுக்கு மட்டும் வரக்கூடிய ஆபரேட்டரை யார் எடுப்பார்கள்? 2019-ல் மத்திய அரசு அதற்கு விலக்களித்து, எழுத்துமூலச் சம்மதத்தோடு இரவு ஷிப்டையும் திறந்துவிட்டது. அதுவரை, இரண்டு மகள்கள் மட்டும் இருந்த குடும்பத்துக்கு அந்த உரிமை பெரும்பாலும் தாளில்தான் இருந்தது.

இத்தனைக்கும் அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தில் மொத்தம் ஒன்பது யூனிட்: 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று. எல்லாம் சேர்ந்து 600 மெகாவாட். 2020-ல் அது மூடப்பட்டது. அதன் இடத்தை எடுத்துக்கொண்ட புதிய நிலையம் 1000 மெகாவாட், யூனிட் இரண்டே இரண்டு. ஒன்பது கொதிகலனுக்கும் ஒன்பது டர்பைனுக்கும் ஆள் நின்ற இடத்தில் இப்போது இரண்டுக்கு நின்றால் போதும். அதுவும் திரையைப் பார்த்துக்கொண்டு. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. ஓய்வு பெறுகிறவரின் வேலையில் ஒரு பகுதி இயந்திரத்துக்குப் போகிறது, ஒரு பகுதி ஒப்பந்தத் தொழிலாளிக்கு.

ஒப்பந்தத் தொழிலாளி யார்? பெரும்பாலும் அதே கிராமங்களின் ஆட்கள். 'சொசைட்டி தொழிலாளி', 'கான்ட்ராக்ட்' என்று பெயர்கள் மாறும். நிற்கும் இடம் மாறாது. உள்ளூர்க்காரருக்கு வேலையே இல்லை என்பதும் இதனால் சரியில்லை. இருக்கிறது, ஆனால் ஏணியின் கீழ்ப்படியில். மேலே ஏறும் பயிற்சி அந்தப் படிக்கு வருவதில்லை. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு கொதிகலன் விபத்துகள் நடந்தன. ஜூலை 1 அன்று சம்பவ இடத்திலேயே ஆறு பேர் இறந்தார்கள், ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பின்னர் மருத்துவமனையிலும் பலர் இறந்தார்கள், அவர்களில் பொறியாளர்களும் உண்டு. பயிற்சிதான் குறை என்று இந்த விபத்துகளை வைத்து நான் சொல்லவரவில்லை. கொதிகலனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களையும் எண்ணித்தான் 'பயிற்சி பெற்ற பணியாளர்' கணக்கைப் போட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொதிகலன் என்றதும் வெல்டரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு ஓராண்டு. முடித்தவர் கேட்டுக்கோ ஜன்னலுக்கோ வெல்டிங் வைக்கலாம். உயர் அழுத்தக் கொதிகலன் குழாயைத் தொட முடியாது. அதற்கு ஐ.பி.ஆர்., அதாவது இந்தியக் கொதிகலன் விதிமுறைப்படியான சோதனையில் தேற வேண்டும். இந்த வேலைக்காரர்கள் 'சிக்ஸ் ஜி' என்று சொல்லும் நிலையில் ஒரு குழாய்த் துண்டை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பிடித்து வைத்திருப்பார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வளைய வேண்டும். கீழே படுத்த மாதிரி ஒரு பக்கம், செங்குத்தாக ஒரு பக்கம், தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒரு பக்கம். முதல் ஓட்டம், 'ரூட்', ஆர்கான் வாயுவில். அது குழாயின் உள்பக்கம் ஒரே சீராக உருகி இறங்கியிருக்க வேண்டும், ஆனால் வழிந்து தொங்கக் கூடாது. உள்ளே எப்படி இறங்கியது என்பதை வெல்டர் வெளியிலிருந்து அந்த உருகிய குழம்பின் பளபளப்பை வைத்தே ஊகிக்க வேண்டும். பிறகு மேல் ஓட்டங்கள். கடைசியில் எக்ஸ்ரே. கடுகளவு காற்றுக் குமிழி தெரிந்தாலும் தேறுவது சந்தேகம்தான்.

இந்தக் கை ஓராண்டில் வருவதில்லை. திருச்சியைச் சுற்றி இவ்வளவு நல்ல கொதிகலன் வெல்டர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால் விடை லேசாகக் கிடைக்கும். 1960-களில் பெல் (BHEL) கொதிகலன் ஆலை வந்தது. அப்புறம் அதைச் சார்ந்து துவாக்குடிப் பக்கம் சிறு பட்டறைகள் வந்தன, வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. பட்டறையில் கெடுத்துக் கற்றுக்கொள்ள இரும்பு இருந்தது, திருத்திச் சொல்ல ஆள் இருந்தார், கற்ற பின் வேலை தொடர்ந்து இருந்தது. மூன்றில் கடைசி இல்லாமல் முதல் இரண்டை மட்டும் வைத்துப் பயிற்சித் திட்டம் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

வேலை தொடர்வது என்பது மின் திட்டத்தில் லேசான காரியமில்லை. கட்டும்போது ஒரு படை வேண்டும், ஓட்டும்போது வேறொரு சிறு குழு வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் முடிந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 2500 ஏக்கர், சுமார் 25 லட்சம் தகடுகள். எட்டே மாதத்தில் கட்டினார்கள், அதற்குச் சுமார் 8500 பேர். கட்டி முடித்ததும் தகடுகளைத் துடைக்கக்கூட ரோபோக்கள் வந்துவிட்டன. எட்டு மாத வேலைக்கு உள்ளூரில் ஆளைப் பயிற்றுவிக்க எந்தக் கம்பெனியும் மெனக்கெடாது. ஏற்கெனவே பழகிய குழுவை வெளியிலிருந்து இறக்கிவிடும். அந்தக் கணக்கில் அவர்கள் பக்கம் தப்பு இல்லை. தப்பு, அப்படிப்பட்ட திட்டத்தைக் காட்டி ஆயிரக்கணக்கில் வேலை என்று ஊரில் சொல்வது.

அணுமின் நிலையத்தின் கணக்கு நேர்மாறு. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-ல். முதல் யூனிட்டின் கான்கிரீட் 2002 மார்ச்சில். மின்சாரம் கிரிட்டில் சேர்ந்தது 2013 அக்டோபரில். கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர், நேரடிப் பணி, தேர்வு என்று பல வருடம் ஆகும். எட்டிப்பிடிக்க முடியாத தூரம் என்று தோன்றலாம். ஆனால் கான்கிரீட் போட்ட வருடம் ராதாபுரம் வட்டாரத்தில் எட்டாம் வகுப்பு படித்த பையன், மின்சாரம் வந்த வருடம் இருபத்து நான்கு வயது இளைஞன். பாலிடெக்னிக்கோ பொறியியலோ முடித்திருக்க முழுசாக நேரம் இருந்தது. மூன்று முதல் ஆறு வரையான யூனிட்டுகளுக்கு 2017-லும் 2021-லும் கான்கிரீட் போட்டார்கள். இங்கே நேரம் தாராளமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும், அதுதான் வித்தியாசம்.

ரொம்ப முன்னால் தொடங்கினாலும் சிக்கல்தான். உகாண்டாவில் ஆல்பர்ட் ஏரிப் பக்கம் வணிக அளவில் எண்ணெய் இருப்பது 2006-ல் உறுதியானது. 2010-ஐ ஒட்டிக் கிகும்பா என்ற ஊரில் பெட்ரோலியப் பயிற்சி நிறுவனத்தை அந்த நாடு தொடங்கியது. முன்யோசனைதான். ஆனால் 1443 கிலோமீட்டர் குழாய்ப் பாதை உட்பட மொத்தத் திட்டத்துக்கான இறுதி முதலீட்டு முடிவு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. முதல் தொகுதிகளில் படித்து வெளியே வந்தவர்கள் பத்து வருடம் சும்மா இருக்க முடியுமா? வெல்டர் பழக்கம் விட்டால் கை மறந்துவிடும். சான்றிதழும் காலாவதியாகும்.

நெய்வேலிக்கு இந்தச் சிக்கல் ஒருகாலத்தில் இல்லாததற்குக் காரணம் அதன் சுரங்கம்தான். ஒரு சுரங்கம், அடுத்த சுரங்கம், ஒரு மின் நிலையம், அதன் விரிவாக்கம் என்று அரை நூற்றாண்டு வேலை முடியாமல் நீண்டது. முதல் சுரங்கத்தில் கற்றவர் இரண்டாவதில் மேஸ்திரி ஆனார். இப்போது நிறுவனத்தின் புதிய வேலைகளில் பெரும்பகுதி வெளியே: ஒடிசாவில் தலாபிரா நிலக்கரிச் சுரங்கம், உத்தரப் பிரதேசத்தில் கட்டம்பூர் அனல் மின் நிலையம், அங்கங்கே சூரிய ஒளி. உள்ளூரில் சுரங்கத்தை நகர்த்த நிலம் வேண்டும். அதற்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியபோது என்ன ஆனது என்று எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அப்ரண்டிஸ் முடித்த பையன்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின் நிலையங்கள் ஒவ்வொன்றும் வருடாந்திர ஓவர்ஹாலுக்காக யூனிட்டை நிறுத்தும். முப்பது நாற்பது நாள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அதற்கென்றே ஆள் திரட்டும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. ஃபிட்டர் நாலு பேர், வெல்டர் இரண்டு பேர், பாரம் தூக்கிக் கட்டும் ரிக்கர் ஒருவர் என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வரும். சத்தீஸ்கரில் ஒரு மாதம், மகாராஷ்டிரத்தில் ஒரு மாதம், நடுவில் வளைகுடாவில் ஒரு ஷட்டவுன் கிடைத்தால் அதிர்ஷ்டம். விருத்தாசலம் ஜங்ஷனில் தோளில் பையோடு ரயிலுக்கு நிற்பவர்களில் இவர்களும் இருப்பார்கள். பைக்குள் சொந்த வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, மாற்றுத் துணி இரண்டு செட். அடியில் அந்தப் பிளாஸ்டிக் கவர்.